தோணியில் ஓர் இடம்

பிற்பகல் காற்று சீனத்து மலைகளுக்கிடையே உள்ள லுகு ஏரியைச் சுருட்டிச் சுருட்டிக் கரையில் அறைகிறது. மலை சரிந்து பாதை மூடிக் கிடக்கிறது. மருத்துவர் இருப்பது அக்கரையில். மரத்தைக் குடைந்த தோணியில் பிமாவின் ஒரே மகள் லுசுவோ இரண்டு நாள் பிரசவ வலியோடு தாயின் மடியில் துவண்டு கிடக்கிறாள். துடுப்போடு முன்னால் இருப்பவன் பிமாவின் தம்பி கெசுவோ. நான்காவது ஆளைத் தோணி தாங்காது. இந்த ஊரில் ஆண் ராத்திரி மட்டும் வந்துபோகிறவன், பிள்ளை தாய் வீட்டுக்கே சொந்தம். பிறக்கப்போகும் பிள்ளையின் தகப்பன் டாஷி முழங்கால் தண்ணீரில் நின்று தோணியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான்.

“ராத்திரி வந்து விடியறதுக்குள்ள போற விருந்தாளி நீ. இது எங்க வீட்டுப் பிள்ளை. கையை எடுடா!” என்று கத்துகிறாள் பிமா.

“அப்புறமா ஏசுங்கம்மா. இந்தக் காத்துல மாமா ஒருத்தரால தள்ள முடியாது. ரெண்டு துடுப்பு வேணும்.”

அலை அறைய, கெசுவோவின் துடுப்பு இப்போதே பிடி நழுவுகிறது. பிமா அதைப் பார்க்கிறாள். தன் மேலங்கியைச் சுருட்டி மகளின் தலைக்கு வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறாள். வெள்ளைப் பாவாடை அவளைச் சுற்றி மிதக்கிறது. டாஷி ஏறியதும் தோணி விலகுகிறது. விளிம்பை இறுகப் பற்றிய லுசுவோவின் கை மட்டும் தெரிகிறது. ஒரு பெரிய அலை தோணியை மறைத்துத் திரும்பக் காட்டுகிறது. கையைக் காணோம்.

“வலி விட்டிருக்கும்க்கா. அதான் கையை எடுத்துட்டா,” என்கிறாள் கரையில் நிற்கும் பிமாவின் தங்கை.

“நீ பாத்தியாடி?”

பிமா இடுப்பளவு ஆழத்துக்கு நடந்துகொண்டிருக்கிறாள்.