வரி 2140

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள்.

அவருக்கு இருபது நிமிடம் இருந்தது.

கணினியில் நிரல் எழுதும் எடிட்டரைத் திறந்தார். பிளக்-இன்னைத் தேடிப் பிடித்தார். 'இன்ஸ்டால்' அழுத்துமுன் ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டார்.

பதினெட்டு வருடமாக இதைக் கேலி செய்தவர் அவர்தான். மூன்று எழுத்து அடித்தால் மீதியை அதுவே நிரப்புமாம். ஒரு கீயைத் தட்டினால், ஃபங்ஷன் என்கிற நிரல்துண்டு எழுதப்பட்ட இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்துமாம். மண்டையில் சரக்கில்லாதவனுக்குத்தான் இதெல்லாம் என்பார்.

சர்க்கரை ஆலைகளின் எடைமேடைக்கான மென்பொருள். நான்கு லட்சம் வரி நிரல். எதைக் கேட்டாலும் டீயை உறிஞ்சிக்கொண்டே ஃபைல் பெயரையும் வரி எண்ணையும் சொல்வார்.

போன மாதம் வரை.

செவ்வாய்க்கிழமை இரண்டு முறை தவறாகச் சொன்னார். விளையாடுகிறார் என்று டீம் ஆட்கள் சிரித்தார்கள். நேற்று, அவர்கள் கேட்ட ஃபங்ஷனின் பெயரே புதிதாக இருந்தது. பாத்ரூமில் போய் நின்றுகொண்டார்.

டாக்டரிடம் போகவில்லை. போனால் இதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள்.

மூன்று மணிக்கு மீட்டிங். ஆலைக்காரர்கள் வருகிறார்கள். கரும்பு எடையில் கழிவு பிடிக்கும் பகுதியை அவர்தான் விளக்க வேண்டும்.

பிளக்-இன்னுக்கு ஃபோல்டர்கள் இருக்கும் இடங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தார். பிழை என்று அது காட்டிய சிவப்புக் கோடுகள் மறைந்தன. மூன்று எழுத்து அடித்தார். பட்டியல் வந்து விழுந்தது.

போதும். இதை வைத்துச் சமாளித்துவிடலாம்.

கழிவுக்கான ஃபங்ஷன் மேல் கர்சரை வைத்து, கீயைத் தட்டினார்.

வரி 2140.

மேலே எழுதியவர் பெயர். அவர் பெயர்தான்.

கீழே அறுபது வரி. படித்தார். விரலை வைத்து மறுபடி படித்தார்.

ஒன்றும் புரியவில்லை.

பின்னால் காலடி. டீமில் புதிதாகச் சேர்ந்த பிரிசில்லா, கழுவிய டிபன் பாக்ஸோடு.

அவர் மவுஸின் சக்கரத்தை லேசாக உருட்டினார். பெயர் திரைக்கு மேலே போய் மறைந்தது.

அவள் குனிந்து படித்தாள். நிதானமாக, கடைசி வரி வரை.

"செமயா எழுதியிருக்காங்க சார். யாரு இது?"

"இருந்தான்மா ஒருத்தன்."

"நம்பர் இருக்கா சார்? மூணு மணிக்கு அவரையே கூப்பிட்டுக்கலாமே."

அவர் போனை எடுத்தார்.

பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனார். ஒவ்வொன்றாக.