ஓகேயா, கேன்சலா?

"ஓகேவை அழுத்திட்டு எழுந்திரும்மா, சாப்பாடு ஆறுது" என்றாள் மாமியார்.

"அழுத்தினா மாமாவோட நாவல் மொத்தமும் போயிடும், அத்தை" என்றாள் மருமகள்.

அவள் அந்த வீட்டுக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. மாமனார் கைப்பேசியில் எழுதிய அத்தியாயங்களை எல்லாம் கணினியில் ஒரே கோப்பாக ஒட்டியிருந்தார். இடம் போதவில்லை என்று கைப்பேசியில் இருந்தவற்றை அழித்தும் விட்டார். இப்போது சேமிக்கப் போனால், திரையின் நடுவே ஓர் எச்சரிக்கைப் பெட்டி. பதிப்பாளர் கொடுத்த கெடு இன்று மாலையோடு முடிகிறது.

"போயிடும்னா?" என்றார் மாமனார்.

"இதுல சேமிக்கிற முறை பழசு மாமா. அதுக்குத் தமிழே தெரியாது. எழுத்தையெல்லாம் கேள்விக்குறியா மாத்திடும். அப்புறம் யாராலும் மீட்க முடியாது."

"மொத்தமுமா?" கணவன் எட்டிப் பார்த்தான்.

"அழுத்தித்தான் பாருங்களேன் அண்ணி" என்றாள் நாத்தனார்.

"கரண்ட் வேற போயிடப் போகுது" என்று மாமியார் அவசரப்படுத்தினாள்.

"நான் இருக்கேன்ல? கொஞ்சம் சும்மா இருங்க!"

மருமகள் கேன்சலை அழுத்தினாள். சேமிக்கும் முறையை யூனிகோடுக்கு மாற்றி, வேறு பெயரில் சேமித்தாள். கோப்பை மூடினாள். மறுபடி திறந்து, முதலிலிருந்து கடைசிவரை விறுவிறுவென்று உருட்டினாள். ஓர் எழுத்துகூடச் சிதையவில்லை.

"அனுப்புங்க மாமா!"

பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டு மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ மருமக இல்லம்மா, என் மக!" என்றவர், நண்பருக்குச் சேதி சொல்லக் கைப்பேசியோடு வாசலுக்கு ஓடினார்.

அறையில் மற்ற மூவரும் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன், ஒருத்தர் முகத்துலயும் சந்தோஷத்தையே காணோம்?"

"அதுல ஒரு வரியாவது படிச்சியா?" என்றான் கணவன்.

"எழுத்து ஒழுங்கா இருக்கான்னுதான் பார்த்தேன். ஏன்?"

மாமியார் பெருமூச்சு விட்டாள். "அத்தனையும் நம்ம வீட்டுக் கதைடி. நான் ராட்சசி, உன் புருஷன் தண்டச்சோறு, இவ வாயாடி. எல்லாம் சொந்தப் பேரோட! நீ வந்தப்புறம் புதுசா ஒரு அத்தியாயம் சேர்த்திருக்கார். தலைப்பு, 'வந்து வாய்த்தவள்'."