கோப்பை போன இடம்

"வேற யார் எடுத்திருப்பா? போலீசைக் கூப்பிடப் போறேன்!"

குவோஹுவா போட்ட சத்தத்தில் யாத்தி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இந்தோனேசியாவிலிருந்து வந்து, அவனுடைய அப்பா லியாவைப் பார்த்துக்கொள்பவள்.

"நான் எடுக்கல சார். சத்தியமா எடுக்கல."

கறுப்பு வெள்ளைக் கற்களை வைத்து ஆடும் வெய்ச்சியில், லியாவ் ஒரு காலத்தில் தைவானுக்கே சாம்பியன். அப்போது வாங்கிய தங்கக் கோப்பையைத்தான் அலமாரியில் காணோம்.

"அப்பாவுக்குத் தெரிய வேணாம். உயிரையே விட்டுடுவாரு" என்றபடி குவோஹுவா போனை எடுத்தான்.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றாள் பெய்ஷான்.

அடுத்தவர் பெயரில் புத்தகம் எழுதித் தருவது அவள் பிழைப்பு. இப்போது லியாவின் சுயசரிதை. அவர் சொல்லச் சொல்ல எழுதுவாள். யார் எந்த வார்த்தையை எப்படிச் சொன்னார்கள் என்பது அவள் காதிலேயே நிற்கும்.

"உங்கப்பா எப்பவும் 'என் கோப்பை'ன்னுதான் சொல்வாரு. இந்த வாரம் 'அந்தக் கோப்பை'ங்கறாரு."

"அதுக்கென்ன இப்போ?"

"அவர் கோப்பை ஜெயிச்ச கடைசி ஆட்டத்தைப் பலகையில வச்சுக் காட்டினாரு. எதிராளி துங் வச்ச ஒரு வெள்ளைக் கல்லைப் பார்த்ததும் பேச்சே நின்னு போச்சு. மறுநாள்லேர்ந்துதான் இந்த மாற்றம். அந்த துங் எங்க இருக்காரு?"

"இதே தைனான் ஊர்லதான். சோயாப் பால் கடை வச்சிருக்காரு."

"வாங்க, போய்ப் பார்ப்போம்."

கடையில் கல்லாவுக்குப் பின்னால், துண்டு போட்டு எதையோ மூடி வைத்திருந்தார் துங். துண்டை விலக்கினால், கோப்பை!

"உங்கப்பா தான் கொண்டாந்து வச்சுட்டுப் போனாரு. நான் என்ன சொல்லியும் கேக்கல. எடுத்துட்டுப் போங்க."

குவோஹுவாவுக்கு முகம் வெளிறிவிட்டது. உடனே வீட்டுக்குப் போன் போட்டான். "யாத்தி... தப்பு என்னுதுதான். மன்னிச்சுக்கம்மா."

பிறகு துங் பக்கம் திரும்பினான்.

"அப்பா ஜெயிச்ச கோப்பையை உங்களுக்கு ஏன் தரணும்?"

துங் அதே துண்டால் கல்லா மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். பெய்ஷானுக்குச் சட்டென்று புரிந்தது.

"ஐயா, அந்த வெள்ளைக் கல்... நேத்து ஆடக் கத்துக்கிட்டவன்கூட அங்க வைக்க மாட்டானாமே? நீங்க வேணும்னேதான் தோத்தீங்க."

"இத்தனை வருஷமா அவனே கண்டுபிடிக்கல. புத்தகத்துக்காக உன்கிட்ட கதை சொல்லப் போய்க் கண்டுபிடிச்சுட்டான், நான் மாட்டிக்கிட்டேன்" என்று சிரித்தார் துங். "அன்னிக்கு அவன் உடம்புதான் பலகைக்கு முன்னாடி இருந்துச்சு, மனசு ஆஸ்பத்திரியில. பரிசுப் பணம் வந்தாத்தான் கைக்குழந்தைக்கு இதய ஆபரேஷன்னு யாரோ சொன்னாங்க."

"நாடே பார்த்த ஆட்டமாச்சே! உங்க பேரு கெட்டுப்போச்சே?"

"பேரென்னம்மா பேரு."

 குவோஹுவாவின் கை தானாக நெஞ்சிலிருந்த பழைய தழும்புக்குப் போயிருந்தது.

துங் ஒரு கிண்ணம் சூடான சோயாப் பாலை அவன் முன்னால் நகர்த்தினார்.

"மாடிப்படி ஏறினா இப்பவெல்லாம் மூச்சு வாங்கறதில்லையே, தம்பி?"