தூக்கத்தில் முதலிடம்

ஆட்டையாம்பட்டி நூல் மில்லில், தூக்கத்தை அளக்கும் செயலியை ஊழியர்கள் எல்லாருடைய செல்போனிலும் ஏற்றியிருந்தார்கள். நன்றாகத் தூங்குபவருக்கு மிக்ஸி பரிசு. அதைக் கொண்டுவந்து தருவதாக மயில்சாமி மனைவியிடம் சொல்லிவிட்டார்.

மேனேஜர் கூப்பிட்டதும் தலைவாரிக்கொண்டு ஓடினார்.

"மயிலண்ணா, மில்லுக்கே நீங்கதானுங்க முதலிடம். தினமும் ராத்திரி ஏழரை மணி நேரம், புரண்டுகூடப் படுக்கலே!"

பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சைத் தாண்டாத மயில்சாமிக்குக் கூச்சமாகிவிட்டது. "நமக்கு வேறென்னங்க தெரியும்? தூங்கறது ஒண்ணுதான்."

"சத்தங்கித்தம் கேட்டா முழிப்பு வராதுங்களா?"

"பக்கத்துல லாரி வந்து ஹாரன் அடிச்சாலும் அசைய மாட்டேனுங்க!"

மேனேஜர் மிக்ஸியை அவர் கையில் கொடுத்தார்.

"பரிசை ஊட்டுக்கு எடுத்துட்டுப் போங்கண்ணா. கேட் சாவியையும் டார்ச்சையும் மேசைமேல வெச்சிருங்க. இன்னைக்கு ராத்திரியிலிருந்து வேற வாட்ச்மேன் வாராரு."