நடக்கத் தொடங்கும் குழந்தைகளுக்கு

பிறப்பதற்கு முன் குழந்தைக்கென எதையும் வாங்கக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தும், நிறைமாதத்தில் சுபாஷிணி யாருக்கும் தெரியாமல் ஆன்லைனில் ஒரே ஒரு டயப்பர் பாக்கெட் ஆர்டர் செய்தாள். அந்தத் தளம் பிரசவத் தேதி கேட்டது, கொடுத்தாள். அதற்குக் கீழே, மாதந்தோறும் அனுப்பச் சம்மதம் என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் விழுந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவே இல்லை. பெட்டிகள் வந்தன. முதலில் பச்சிளம் குழந்தைக்கு, பிறகு ஐந்து கிலோ குழந்தைக்கு, பிறகு ஏழு. அவற்றைப் பிரிக்காமல் பீரோவின் மேல் அடுக்கினாள். "நிறுத்திடலாம் சுபா" என்று கணவன் அருள்மணி சொல்லும்போதெல்லாம், "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்பாள். இன்று வந்த பெட்டியில், நடக்கத் தொடங்கும் குழந்தைகளுக்கு என்று போட்டிருந்தது. "பாப்பா நடக்குதா மேடம்?" என்று கேட்டார் டெலிவரிக்காரர். "இப்பதான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா அண்ணா." உள்ளே இருந்த அருள்மணிக்கு அது கேட்டது. போனை எடுத்து, தேடித் தேடி, ரத்து செய்யும் பட்டனைக் கண்டுபிடித்தான். ரத்துக்குக் காரணம் என்ன என்று திரை கேட்டது. அப்போது ஹாலில் ஏதோ தரையில் உரசியது. எட்டிப் பார்த்தான். கண்ணாடி டீப்பாயைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள் அவள். "மூலையெல்லாம் கூரா இருக்குங்க. ஒரு கை பிடிங்களேன்." அவன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் மறுமுனையைப் பிடித்தான். "இழுக்காத சுபா, சத்தம் வராம தூக்கலாம், முழிச்சிக்கப் போறா" என்றான், குரலைத் தாழ்த்தி.