இலையில் வைத்த சிகரெட்

“அந்த சிகரெட் பாக்கெட்டை மொதல்ல எடுங்க!” வேல்விழிக்கு உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறியது.

“அண்ணனுக்கு இதுன்னா உசுரு, மதினி,” என்றான் கொழுந்தன் இசக்கிமுத்து.

“நுரையீரல்ல புத்துநோய்னு தெரிஞ்ச பொறவும், பனியன் கம்பெனி வாசல்ல டீக்கு நிக்கையில நீட்டுனது நீங்கதானே? நானும் பிள்ளையும் கெஞ்சிக் கெஞ்சித்தான் நிறுத்த வச்சோம். நூத்திப் பத்து நாளு, அவரு ஒண்ணுகூடத் தொடலை.”

“இனிமே என்ன கெட்டுப் போயிரும்?”

“அவரு பட்ட பாடு வீணாப் போயிரும்!”

கணவன் முனீஸின் படத்துக்கு முன்னால் விரித்திருந்த பதினாறாம் நாள் படையல் இலையிலிருந்து பாக்கெட்டை எடுத்துத் தெருவில் எறிந்தாள். சிகரெட் நினைப்பு வந்தபோதெல்லாம் அவன் வாயில் போட்டுக்கொண்ட கல்கண்டை அந்த இடத்தில் வைத்தாள்.

“உங்க அண்ணன் கடைசி வரைக்கும் கேட்டு வாங்கினது இதைத்தான்.”

இசக்கிமுத்து தன் சட்டைப்பையிலிருந்த தீப்பெட்டியைக் கையால் மூடிக்கொண்டான்.