காய்ச்சலில் ஒரு கணக்கு

மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. வலிப்பு வந்தால் உடனே கூப்பிடச் சொல்லியிருந்தார் டாக்டர். ஒன்பது வயது மகள் மகிழினியின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள் கோமளா. மத்தியானம், கண்மூடிக் கிடந்தவளின் விரல்கள் மார்புக்கு மேலே காற்றில் வெட்டி வெட்டி அசைந்தன. வலிப்புதான் என்று நினைத்த கோமளா, "சிஸ்டர்" என்று கூப்பிட்டுக்கொண்டே அந்தக் கையைப் பிடிக்கப் போனாள்.

"தொடாதம்மா, மணி கலைஞ்சிடும்" என்றாள் மகிழினி.

அபாகஸ் வகுப்பில் போன வாரம்தான் மணிச்சட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இனிமேல் மனசுக்குள்ளேயே மணிகளைத் தள்ளிக் கணக்குப் போடச் சொல்லியிருந்தார்கள். ஓடிவந்த நர்ஸிடம் கோமளா அதைச் சொல்ல, அவள் நம்பாமல், "முந்நூத்தி எண்பத்தாறும் நாப்பத்தேழும் எவ்வளவு?" என்றாள். மகிழினி கண் திறக்கவில்லை. கட்டைவிரல் எதையோ மேலே தள்ளியது, ஆள்காட்டிவிரல் எதையோ கீழே இறக்கியது.

"நானூத்தி முப்பத்திமூணு."

நர்ஸ் கூட்டி முடிக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. "சரிதான். வலிப்பு இல்லக்கா, பயப்படாதீங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போனாள்.

விரல்கள் மறுபடி அசையத் தொடங்கின. எதிர்ப்பக்க ஸ்டூலில் இருந்த ஈரத்துணியை எட்டி எடுக்கப்போன கோமளா, மகளுக்கு மேலிருந்த அந்த வெற்றிடத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள். எழுந்து, சத்தமில்லாமல் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனாள்.